ரப்பர் இல்லாத அறை

அவளைக் கொடுத்துவைத்தவள் என்று சொல்லாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. காலையில் எழுந்து அடித்துப் பிடித்து ஓட வேண்டாம். பஸ்ஸில் யார் முழங்கையிலும் இடி வாங்க வேண்டாம். வேலை ஒரு பெட்டியில் ஏறி வீட்டு வாசலுக்கே வரும், முடிந்ததும் அதே பெட்டியில் ஏறித் திரும்பிப் போகும். மாதம் பிறந்தால் சம்பளம். “நமக்கெல்லாம் இப்படி வாய்க்குமா?” என்று எதிர்வீட்டுக்காரி பெருமூச்சு விட்டபோது அவள் சிரித்துவைத்தாள். வேறு என்ன செய்வது? “அப்ப நீ வந்து உக்காரேன், ஒரே ஒரு வாரம் உக்காந்து பாரேன்!” என்று கத்தத்தான் ஆசை. கத்தினால் நன்றி கெட்டவள் என்பார்கள். அந்தப் பட்டத்துக்குப் பயந்தே அவள் ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டாள்.

அவள் வேலை, பல்செட்டுச் செய்கிற லேபில். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றித் தாடை வார்ப்பது ஒருவர் வேலை. அந்தத் தாடைமேல் மெழுகு வைத்து, பல் பல்லாக அடுக்கி, பொக்கைவாய்க்கு ஒரு சிரிப்பைக் கொண்டுவருவது இவள் வேலை. முன்பல் அடுக்குவதில் இவளை அடிக்க ஆளில்லை என்பதால் லேபில் இவளுக்குப் பெயர் பல்லழகி. சொந்தப் பல்லில் ஒன்று கோணல். அதையும் சேர்த்துத்தான் அந்தப் பெயர்.

பிறக்கும்போதே முதுகுத்தண்டின் அடிப்பகுதி மூடாமல் பிறந்தவள். ஸ்பைனா பைஃபிடா என்று டாக்டர்கள் சொல்வார்கள். கால்களில் பலம் கிடையாது, உணர்வும் பாதிக்குமேல் கிடையாது, சக்கர நாற்காலிதான். பிறந்ததிலிருந்து பழகிய உடம்பு என்பதால் அதோடு அவளுக்குச் சண்டை ஏதும் இல்லை. சண்டையெல்லாம் வாசற்படிகளோடுதான்.

ஆனால் உடம்பு இன்னொரு வேலை பார்த்துவைத்திருந்தது. சின்ன வயதிலிருந்து அவளுக்கு ஆபரேஷன் மேல் ஆபரேஷன். ஒவ்வொரு தடவையும் ரப்பர் கையுறை போட்ட கைகள் உள்ளே போய் வந்திருக்கின்றன. இவளைப்போலப் பிறந்த பலருக்கு அதனாலேயே ரப்பர் ஆகாமல் போய்விடும். இவளுக்கும் போய்விட்டது, இவளுக்கே தெரியாமல். லேபில் எல்லோர் கையிலும் ரப்பர் கையுறைதான். முதலில் கண் அரித்தது. அப்புறம் தும்மல். பிளாஸ்டர் தூசி என்று நினைத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலை பார்த்தாள். ஒரு நாள் எதிர்சீட்டு ரேடியோ, கையுறையைக் கழற்றாமலே இவள் கன்னத்தில் ஒட்டியிருந்த மெழுகைத் துடைத்துவிட்டாள். ரேடியோ என்பது மூச்சு விடாமல் பேசுகிற தோழிக்கு லேப் வைத்த பெயர். ரேடியோ பேசிக்கொண்டே இருக்கும்போதே இவள் முகம் பந்தாக வீங்கி, கண் மூடி, மூச்சு அடைத்துவிட்டது. வாழ்நாளில் முதல்முறையாக ரேடியோ வாயடைத்து நின்றது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரிக்கு முதலாளியம்மா ஓடிவந்தாள். கட்டில் ஓரம் நின்று அழுதாள். அழுது முடித்த கையோடு தீர்ப்பும் சொல்லிவிட்டாள். “இனிமே இவ லேபுக்கே வர வேணாம். வீட்லயே ராணி மாதிரி உக்காந்து பல்லை அடுக்கட்டும். மேஜை, லைட்டு, மெழுகு அடுப்பு எல்லாம் நான் அனுப்பறேன்.” சொன்னபடியே அனுப்பினாள். நல்லவள். அதுதான் வம்பு. கெட்டவளாக இருந்தால் சண்டை போடலாம். நல்லவளோடு எப்படிப் போடுவது?

வீட்டில் வசதிக்குக் குறைவில்லை, பொய் சொல்லக் கூடாது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், வெட்கப்படுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். சில மணி நேரத்துக்கு ஒரு தடவை அவள் குழாய் வைத்துத்தான் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். லேபின் கழிவறைக்கு ஒரு படி, அதற்குமேல் நாற்காலி நுழையாத கதவு. அதனால் சாமான் அறையில் ரேடியோவைக் கதவுக்குக் காவல் வைத்து ஒப்பேற்றினாள். அடிக்கடி அந்த அறைக்குப் போக வேண்டாமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். குறைத்ததற்குத் தண்டனையாகக் காய்ச்சல் வரும், நீர்த்தாரை எரியும். வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. குடிக்கத் தண்ணீர், போக இடம், கூப்பிட்ட குரலுக்கு அம்மா.

அப்படியானால் அவளுக்கு என்னதான் வேண்டும்? அம்மாவும் அதைத்தான் கேட்டாள். “அங்க அப்படி என்னடி கொட்டிக்கிடக்கு?”

கொட்டிக்கிடந்தது பிளாஸ்டர் தூள்தான். ஆனால் அந்த நீள மேஜையைச் சுற்றி ஒரு கூட்டம் இருந்தது. ஒருத்தர் ஆரம்பித்த வாக்கியத்தை இன்னொருத்தர் முடிப்பார். யாரை எதைச் சொல்லிச் சீண்டலாம் என்று எல்லோருக்கும் தெரியும். இவள் அடுக்கிய பல்லைத் தூக்கிப் பிடித்து, “இந்தப் பல்லு வந்தா தாத்தா ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்குவாரு” என்று யாராவது சொல்ல, மேஜையே குலுங்கும். டீ நேரத்தில் கதவு ஓரத்தில் கூடி முதலாளியம்மாவைப்போல நடந்து காட்டுவார்கள். வீட்டு முன்னறையில், நல்ல லைட்டின் கீழ், நல்ல நாற்காலியில் உட்கார்ந்து பல் அடுக்கும்போது சிரிக்க ஆளில்லை. பல் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருந்தது.

அப்புறம், வலது பக்கத்துச் சீட்டு. அது பவுடருடையது.

பவுடர்தான் தாடை வார்க்கிறவர். எந்நேரமும் முகத்தில் பிளாஸ்டர் பூசியிருக்கும். அதனால் அந்தப் பெயர். வார்த்து எடுத்த தாடைகளோடு பேசுகிற பழக்கம் அவருக்கு உண்டு. “வாயை நல்லாத் திறங்க சார், வெக்கப்படாதீங்க” என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். இவள் கைநீட்டுவதற்கு முன்பே மெழுகுத் தகடு இவள் பக்கம் நகர்ந்து வந்திருக்கும். விளக்கு இவள் கண்ணில் அடித்தால் எழுந்துபோய்த் திருப்பிவைத்துவிட்டு வந்து ஒன்றும் நடக்காததுபோல உட்காருவார். அவருக்கும் இவளுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று கேட்டால், ஒன்றும் இல்லை. ஒரு முழம் மேஜை இருந்தது. அந்த ஒரு முழத்தில் இவள் வருஷக்கணக்காகக் குடியிருந்தாள் என்பது அங்கிருந்து கிளம்பிய பிறகுதான் இவளுக்கே தெரிந்தது.

தினமும் காலையில் பெட்டி வரும். உள்ளே பாலிதீன் பையில் சுற்றின தாடைகள். முதல் நாள் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பினாள், அடிப்பாகத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. பிளாஸ்டர் இறுகுமுன் அழுத்திப் பார்த்த இடம். கையுறை போட்ட விரலில் ரேகை விழாது. அப்படியென்றால் இவளுக்கு வருகிற தாடைகளை மட்டும் அந்த மனுஷன் கையுறையைக் கழற்றி, கையைக் கழுவிவிட்டு, வெறுங்கையால் வார்க்கிறார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. இவள் அந்த ரேகையின்மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். பெரிய விரல். இவள் விரல் அதற்குள் அடங்கிப்போனது.

அன்றிலிருந்து பெட்டி வந்ததும் முதல் வேலை தாடைகளைத் திருப்பிப் பார்ப்பது. ரேகை ஆழமாக இருந்தால் நிதானமாக இருந்திருக்கிறார். இழுபட்டிருந்தால் அவசரம். ஒரு வாரம் ரேகையே இல்லாமல் வேறு யாரோ வார்த்த தாடைகள் வந்தன, ஓரமெல்லாம் கரடுமுரடாக. இவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரேடியோவுக்கு போன் போட்டு, “லேபுல எல்லாரும் சௌக்கியமா?” என்று பொதுவாக விசாரித்தாள்.

“பவுடருக்குக் காய்ச்சல்டி,” என்றாள் ரேடியோ. “நீ அதைத்தானே கேட்டே?”

“நான் எல்லாரையும்தான் கேட்டேன்.”

“ஆமாமா, எல்லாரையும். எங்கிட்டயேவா!”

போனை வைக்க மனசு வரவில்லை. ரேடியோவின் குரலுக்குப் பின்னால் அறை கேட்டது. பாலிஷ் மெஷின் சுற்றும் இரைச்சல், யாரோ கிண்ணத்தைத் தட்டுகிற சத்தம், யாரோ எதற்கோ சிரிக்க இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டது. “எதுக்குடி சிரிக்கறாங்க?” என்று கேட்டாள். “அது சொன்னாப் புரியாதுடி, பாத்திருக்கணும்,” என்று சொல்லிவிட்டாள் ரேடியோ. அன்றைக்கு முன்னறையில் உட்கார்ந்து அவள் அழுதாள். அம்மா வந்து பார்த்தபோது மெழுகுப் புகை என்றாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது? அடுத்தமுறை முதலாளியம்மா வீட்டுக்கு வந்து, சௌகரியமெல்லாம் எப்படி என்று விசாரித்தபோது, போட்டு உடைத்துவிட்டாள்.

“மேடம், நான் திரும்ப வரணும்.”

“எங்க?”

“லேபுக்கு.”

முதலாளியம்மா டீயைக் கீழே வைத்தாள். “ஏம்மா, இங்க என்ன குறை? லைட்டு பத்தலையா? நாற்காலி சரியில்லையா? சொல்லு, நாளைக்கே ஆள் அனுப்பறேன்.”

“குறையே இல்ல மேடம். ஆனா இங்க நான் மட்டும்தானே இருக்கேன்.”

“உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்?”

“என் நல்லதுக்குத்தான். ஆனா என்னை ஒரு வார்த்தை கேக்கலியே? நான் மூக்குல குழாயோட கிடந்தேன், நீங்க முடிவு பண்ணிட்டீங்க. எனக்கு ஆகாதது ரப்பர் கிளவுஸு. நீங்க கிளவுஸை வெளிய அனுப்பாம என்னை வெளிய அனுப்பிட்டீங்க மேடம்.”

சொல்லியே விட்டாள். இந்த வேலையும் போயிற்று என்றே நினைத்தாள்.

“எல்லாரும் மாத்தணுமே,” என்றாள் முதலாளியம்மா. “நீலக் கலர்ல ரப்பர் இல்லாத கிளவுஸ் இருக்கு, எனக்குத் தெரியாமலா? கைக்குப் பழகலைம்பாங்க, வழுக்குதும்பாங்க.”

“அவங்களைக் கேட்டுப் பாருங்க மேடம்.”

“கேக்கறதாவது! அந்தப் பவுடர் மாசக்கணக்கா என் உயிரை வாங்கறான். கார்ல ஏறினா கேக்கறான், இறங்கினா கேக்கறான். கிளவுஸை மாத்துங்க, கக்கூஸ் கதவை அகலமாக்குங்க, அவங்களைக் கூப்பிடுங்கன்னு ஒரே பாட்டு.”

இவளுக்குக் காது சூடேறியது. “எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ வரேம்பே. வந்து மறுபடி ஏதாவது ஆயிட்டா? அன்னிக்கு உன் மூஞ்சியைப் பாத்தவ நான்தானே. இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.” முதலாளியம்மா மூக்கை உறிஞ்சினாள். “எனக்குப் பயம்மா. வேற ஒண்ணும் இல்ல.”

பயத்தை ஒத்துக்கொண்டவள் அப்புறம் வேலையில் இறங்கிவிட்டாள். அந்த மனுஷியிடம் அது ஒரு குணம். வாசல் படியையும் கழிவறைப் படியையும் இடித்துச் சரிவு போட்டார்கள். கதவை அகலமாக்கினார்கள், சுவரில் கைப்பிடி வைத்தார்கள், குழாய்ப் பையைத் தொங்கவிடக் கொக்கிகூட அடித்தார்கள். இஷ்டப்பட்ட நேரத்தில் வேலையை விட்டுப் போகலாம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்று சட்டமே போட்டுவிட்டாள். மேஜையில் இவள் இடத்தில் மட்டும் குறுக்குக் கட்டையை அறுத்து, நாற்காலி உள்ளே நுழைகிற மாதிரி செய்தார்கள். எல்லோர் கையும் நீலமானது.

அதற்குமேல் ரப்பர் வேட்டை. அதற்குத் தலைவர் பவுடர். தினமும் சாயங்காலம் ரேடியோ போனில் செய்தி வாசித்தாள். “உன் ஆளு பிளாஸ்டர் கரைக்கற ரப்பர்க் கிண்ணத்தைத் தூக்கிப் போட்டாச்சு. வாசல் மிதியடி காலி. மேஜை டிராயர்ல இருந்த ரப்பர் பேண்டை ஒண்ணு விடாம பொறுக்கினாரு. அழி ரப்பர் போச்சு. இன்னிக்கு என் செருப்பை மோந்து பாத்துட்டு வெளிய வெச்சுட்டாருடி! வெறுங்கால்ல வேலை பாத்தேன். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.”

“எனக்குக் கைதான் ஓடல,” என்றாள் இவள். “கால் என்னிக்கு ஓடிச்சு?”

இருவரும் சிரித்த சிரிப்பில் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் அம்மா அவளுக்கு உடுப்பை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போட்டதையே திரும்பத் திரும்பப் போட்டாள்.

“ஊசி பையில இருக்கா? மூச்சு முட்டினா தொடையில குத்தற ஊசி?”

“இருக்கும்மா.”

“தண்ணி குடி. அங்க போயி பழையபடி ஆரம்பிக்காதே.”

“குடிக்கறேன்.”

“நீ போயிட்டா பகல் முழுக்க நான் யாரோட சண்டை போடறது?” என்றாள் அம்மா, துணியைப் பார்த்தபடியே. சிரிக்கச் சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் இஸ்திரிப் பெட்டி அதே இடத்தில் நின்றுவிட்டது.

“சாயங்காலம் வந்து வட்டியும் முதலுமாப் போடலாம்மா.”

“போடி,” என்றாள் அம்மா. அப்புறம், “போய்ட்டு வாடி,” என்று திருத்திச் சொன்னாள்.

மறுநாள் காலையில் வாடகை வண்டி லேப் முற்றத்தில் நின்றது. வண்டிக்காரர் சரிவுப் பலகையை இறக்கிவைக்க, அவள் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு இறங்கினாள். பழைய கட்டடம், பழைய வாசல், ஆனால் படி இருந்த இடத்தில் புதுச் சிமென்ட் சரிவு. கொஞ்சம் நின்று தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். உள்ளே அறைக்குக் கண்ணாடிக் கதவு. அதன் வழியே பார்த்தாள்.

எல்லோரும் வரிசையாக நின்றிருந்தார்கள். மேஜை நடுவில் அவள் இடம் காலியாக இருந்தது, நாற்காலிக்கு வெட்டிவிட்ட இடைவெளியோடு. வலப்பக்கத்தில் பவுடர். முகத்தைக் கழுவித் துடைத்து, புதுச் சட்டை போட்டிருந்தார். பிளாஸ்டர் இல்லாத அந்த முகத்தை அவள் இதற்குமுன் பார்த்ததே இல்லை. அழகாகத்தான் இருக்கிறார் என்று நினைத்தாள், அந்த ஒரு விநாடியில்.

அடுத்த விநாடியில் மற்றதைப் பார்த்தாள். சுவரெல்லாம் பலூன். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கின. மேஜைக் காலில் பலூன். அவள் இடத்துக்கு மேலே பலூனாலேயே வளைவு கட்டியிருந்தார்கள்.

அட பாவிகளா! மிதியடியைப் பிடித்தார்கள், செருப்பைப் பிடித்தார்கள், டிராயரில் கிடந்த ரப்பர் பேண்டைப் பிடித்தார்கள். பலூன் எதனால் செய்தது என்று அத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லையே! வேலைச் சாமானில் இருக்கிற ரப்பரை மட்டும் தேடியவர்களுக்கு, சந்தோஷத்தில் இருக்கிற ரப்பர் கண்ணில் படவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று இதைத்தான் சொல்வார்கள்.

அவள் கதவில் கை வைத்திருந்தாள். தள்ளினால் திறந்துவிடும். ஒரு வருஷமாக அவள் போனில் மட்டும் கேட்ட அறை, கை நீளத்தில். உள்ளே போய்விடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரே ஒரு நிமிஷம். அந்த இடத்தில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டு வந்துவிடலாம், என்ன ஆனாலும் ஆகட்டும். அவ்வளவு ஆசை. கை கதவை விட்டு வர மறுத்தது.

உள்ளேயிருந்து ரேடியோ இவளைப் பார்த்துவிட்டாள். ஒரு கொத்துப் பலூனைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, “வாடி என் ராசாத்தி!” என்று கதவை நோக்கி ஓடிவந்தாள்.

“வராதே!” என்று கத்தினாள் இவள். கண்ணாடிக்குப் பின்னால், தன் கூச்சலிலேயே, ரேடியோவுக்குக் கேட்கவில்லை. இன்னும் வேகமாக வந்தாள். இவள் நாற்காலியைப் பின்னால் இழுத்து, சரிவில் சறுக்கி, ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள்: “ரப்பர்! அது ரப்பர்டீ!”

கதவைப் பாதி திறந்த ரேடியோ கையிலிருந்ததைப் பார்த்தாள். அறையில் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ரேடியோ கதவை அறைந்து சாத்திவிட்டு உள்பக்கமே உட்கார்ந்துவிட்டாள். இவளுக்கு மூக்கு அரித்தது. ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு, முற்றத்தின் கடைசிக்கு, வண்டி நிற்கிற இடத்துக்கு வந்து, மூச்சு அடங்குமா என்று காத்திருந்தாள். நல்லவேளை, அடங்கியது.

உள்ளே ஒரே களேபரம். முதலாளியம்மா டாக்டரிடம் போனில் கேட்டாள். பலூனையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும், பலூனில் பூசியிருக்கிற மாவு ரப்பரைச் சுமந்துகொண்டு காற்றில் பறந்திருக்கும், சுவர் தரை துணிமணி எல்லாம் கழுவ வேண்டும், சில நாளாவது அறையைத் திறந்துபோட வேண்டும், அதுவரை அவள் உள்ளே வரவே கூடாது என்றார் டாக்டர். முதலாளியம்மா ஜன்னல்களைத் திறக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஒவ்வொரு ஜன்னலிலும் இரண்டு மூன்று தலைகள் முளைத்தன.

பவுடர் வெளியே வந்தார். சரிவில் இறங்கி முற்றத்தில் நாலு எட்டு வைத்தார்.

“கிட்ட வராதீங்க,” என்றாள் அவள்.

அவர் அப்படியே நின்றார். ஒரு வருஷமாக அந்த ஆள் பக்கத்தில் வர வேண்டும் என்று ஏங்கிக்கிடந்தவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுவாகிப்போனது.

“நான்தாங்க ஊதினேன்,” என்றார் அவர். கைகளை உடம்பில் படாமல் விலக்கிப் பிடித்திருந்தார். “எல்லாத்தையும் நானே. வேற யாரையும் ஊத விடல. செருப்பைக்கூட சந்தேகப்பட்டவன்... இது பலூனுங்க. சின்னப் புள்ளைங்க விளையாடறது. இதுமேல எனக்குச் சந்தேகமே வரல.”

“தெரியுது.”

“உங்களைக் கொன்னிருப்பேன்.”

“கொல்லலையே. இங்கதானே இருக்கேன்.”

“அங்க, அவ்ளோ தள்ளி இருக்கீங்களே,” என்றார். ஊதி ஊதி வீங்கின உதட்டைப் புறங்கையால் துடைக்கப்போய், நினைவு வந்து கையைக் கீழே போட்டார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு தணிந்த குரலில், “நீங்க இல்லாம அந்த மேஜையில உக்காரவே முடியலைங்க,” என்றார்.

அவள் காதில் அது தெளிவாக விழுந்தது. இருந்தாலும் ஒரு தடவை போதுமா?

“என்ன? கேக்கல.”

அவர் குரலை உயர்த்தினார். “நீங்க இல்லாம உக்காரவே முடியலைன்னேன்!”

“காத்து அடிக்குது. கேக்கல.”

“நீங்க இல்லாம என்னால அங்க உக்கார முடியலைங்க!” என்று அந்த மனுஷன் முற்றம் அதிரக் கத்தினார். பக்கத்துச் சீட்டில் இருந்த வருஷங்களில் அவரிடமிருந்து இவ்வளவு சத்தமாக ஒரு வார்த்தை வந்ததில்லை.

“அவளுக்கு மொதல்லயே கேட்டுடுச்சுய்யா!” என்று ஜன்னலிலிருந்து ரேடியோ அழுகையும் சிரிப்புமாகக் கூவினாள். “உன்னை வெச்சு விளையாடறா!”

எல்லா ஜன்னலும் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அந்த அறையின் சிரிப்பில் இவள் சிரிப்பும் சேர்ந்தது, அறைக்கு வெளியே இருந்துகொண்டு. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

“நீங்க ஒண்ணும் சொல்லலையே,” என்றார்.

சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. ஆனால் அது கத்திச் சொல்கிற சொல் இல்லை. பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கையில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது, தலையை நிமிர்த்தாமல் சொல்ல வேண்டிய சொல்.

“பக்கத்துல உக்காந்துதான் சொல்வேன்,” என்றாள். “கத்த மாட்டேன்.”

“எப்போ?”

அவள் அறையைப் பார்த்தாள். பலூன்களை மூட்டைகட்டப் பெரிய பையை விரித்துக்கொண்டிருந்தார்கள். “கழுவி முடிக்கட்டும்.”

“எப்போ முடியும்?”

அவளுக்கு என்ன தெரியும்? டாக்டருக்கே தெரியாது. “நீங்க மொதல்ல போய்க் குளிங்க,” என்றாள். அதற்குமேல் நின்றால் தானே நாற்காலியை உருட்டிக்கொண்டு அவரிடம் போய்விடுவோம் என்று பயமாக இருந்தது. வண்டிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் பலகையை இறக்கி, நாற்காலியை ஏற்றி, சக்கரத்தைப் பூட்டினார்.

வண்டிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவர் விட்ட இடத்திலேயே நின்றிருந்தார். இத்தனை நாள் நடுவில் எத்தனையோ தெருவும் சுவரும் இருந்தன, கையைக் கட்டிக்கொண்டு பொறுத்தாள். இன்றைக்கு நடுவில் ஒரு முற்றம் மட்டும்தான். வெறும் காற்று. அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

“வீட்டுக்குத்தானேம்மா?” என்று கேட்டார் வண்டிக்காரர்.

“வீட்டுக்குத்தான்,” என்றாள் அவள். “மெதுவாப் போங்கண்ணே.”